நான்கு விரல் இடம்

கடற்படை முன்னாள் வீரர்கள் சங்கத்தின் மண்டபத்தில் மேற்குச் சுவரை அடைத்துக்கொண்டு ஒரு தேக்குப் பலகை இருக்கிறது. அதில் பொன்னிற எழுத்தில் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். நாட்டின் முதல் போர்க்கப்பலில் முதல் கொடி ஏறிய அன்று அதில் இருந்தவர்கள் எல்லோரும் அதில் உண்டு. கேப்டன் முதல் வரியில். சமையல்காரரின் கையாள் நூற்றுப் பதினோராவது வரியில். நூற்றுப் பன்னிரண்டாவதாக, கப்பலில் எலி பிடித்துக்கொண்டிருந்த பூனை. அதற்கு மாலுமிகள் கரிமூட்டை என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரும் பொன்னெழுத்தில்தான் இருக்கிறது.

பூனைக்குக் கீழே நான்கு விரல் அகலத்துக்குப் பலகை காலியாகக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு காலை அந்தப் பலகையை ஈரத்துணியால் துடைத்தவருக்கு அந்த அளவு நன்றாகத் தெரியும். விரலை வைத்தே அளந்திருக்கிறார். ஒரு பெயர் தாராளமாகப் பிடிக்கும் என்று அவருக்கு ஒரு கணக்கு இருந்தது.

அவரை வாளி என்பார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கப்பலுக்கு வேலைக்குப் போன முதல் நாள் கையில் ஒரு வாளியும் தேய்க்கும் பிரஷும் கொடுத்தார்கள். அன்றைக்கே அந்தப் பழைய பெயரைக் கடலில் போட்டாயிற்று. வேலை, கழிப்பறை கழுவுவது. வயது பதினெட்டு.

கப்பலின் கதையும் சொல்லிவிட வேண்டும். நாட்டை ஆண்டுகொண்டிருந்தவர்கள் கிளம்பும்போது, வீடு காலி செய்கிறவர்கள் ஓட்டைப் பாத்திரத்தை வேலைக்காரிக்குக் கொடுத்துவிட்டுப் போவதுபோல, அந்தக் கப்பலை விட்டுவிட்டுப் போனார்கள். துருவைச் சுரண்டி, சாம்பல் நிறம் பூசி, புதுப் பெயர் எழுதினார்கள். ஒரு காலைப்பொழுதில் பழைய கொடி இறங்கிப் புதுக்கொடி ஏறியது. நம் கடற்படை பிறந்தது அப்போதுதான் என்று சங்கத்தின் மலர்கள் வருடா வருடம் எழுதுகின்றன. கொடிக்கயிற்றை இழுத்தவர் ஒரு பீரங்கிக்காரர். அவரையும் எல்லோரும் பீரங்கி என்றே கூப்பிட்டார்கள்.

அந்த நேரத்தில் வாளி எங்கே இருந்தார் என்று எந்த மலரும் எழுதியதில்லை. நான் சொல்கிறேன். விருந்தாளிகள் அதிகம் வந்துவிட்டதால் அதிகாரிகளின் கழிப்பறை அடைத்துக்கொண்டது. அவர் கீழ்த்தளத்தில் முழங்கை வரை குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டிருந்தார். காற்றுக் குழாய் வழியாகக் கேட்டது மட்டும்தான் அவருக்குக் கிடைத்தது. முதலில் ஊதுகொம்பு, பிறகு பூட்ஸ் ஓசை, பிறகு சத்தமே இல்லை. யாரோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். அதற்குள் அடைப்பு எடுத்துக்கொண்டு தண்ணீர் இறங்கிவிட்டதால் மீதி கேட்கவில்லை.

அடுத்த மாதமே ஓர் இளம் அதிகாரியின் வெள்ளைக் கால்சட்டையில் வாளியிலிருந்து இரண்டு சொட்டுத் தெறித்துவிட்டது. குறுகலான நடைவழி, கப்பல் ஆடுகிறது, தெறிக்காமல் என்ன செய்யும். மறுநாள் ஓர் உத்தரவு ஒட்டினார்கள். அதிகாரி வரும் காலடி ஓசை கேட்டதும் துப்புரவு ஆள் வாளியைச் சுவர்ப் பக்கம் மறைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். ஓசை ஓயும்வரை திரும்பக் கூடாது. சல்யூட் அடிக்க வேண்டியதில்லை. கடற்படையில் தலையில் தொப்பி இல்லாதவன் சல்யூட் அடிக்கக் கூடாது, துப்புரவு ஆளுக்குத் தொப்பியே கிடையாது. அதோடு அந்த விஷயம் முடிந்தது.

பீரங்கிக்கு இந்த உத்தரவு கரும்பாக இனித்தது. அதிகாரிகள் நடப்பதுபோலக் குதிகாலை அழுத்திக்கொண்டு நடைவழியில் வருவார். வாளி திரும்பிச் சுவரைப் பார்ப்பார். பீரங்கி பாதி வழியில் நின்றுவிடுவார், மூச்சுக்கூட விடமாட்டார். ஓசை ஓய்ந்ததா, அதிகாரி நிற்கிறாரா என்று தெரியாமல் வாளி கால் மணி, அரை மணி என்று இரும்புச் சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பார். பின்னால் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். கடைசியில் பீரங்கி கேட்பார்.

"என்னடா வாளி, சுவர்ல என்ன சினிமா ஓடுது?"

ஒரு நாள் இரண்டு நாள் என்றால் விளையாட்டு என்று விட்டுவிடலாம். பீரங்கி வேறு கப்பலுக்கு மாற்றலாகும்வரை ஆறு வருடம் இது நடந்தது. அந்த மனிதரை வாளி வெறுத்தார். அதைச் சொல்ல அவருக்கும் வெட்கமில்லை, எழுத எனக்கும் வெட்கமில்லை.

இருபத்தாறு வருடம் கழித்து வாளி கடற்படையை விட்டு வந்தார். உத்தரவு அவரை விட்டு வரவில்லை. மகள் கல்யாணத்தன்று மாப்பிள்ளையின் மாமா வாசலில் வந்து இறங்கினார். ஓய்வுபெற்ற போலீஸ்காரர், பளபளவென்று பூட்ஸ். தட்டோடு வரவேற்கப் போன வாளி, ஓசை கேட்டதும் தட்டை ஒரு பக்கம் மறைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிவிட்டார். மாப்பிள்ளை வீட்டார் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். மாப்பிள்ளை மூன்றாம் வருடமே கம்பி நீட்டிவிட்டான். அதன் பிறகும் மகளுக்கு அந்தச் சிரிப்பு மறக்கவில்லை. அவள் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடும் வேலைக்குப் போய்க்கொண்டு அப்பாவோடு இருந்தாள்.

பேருந்து நிலையம், பள்ளிக்கூடம் என்று எங்கெங்கோ கழுவிவிட்டு, அறுபத்தேழு வயதில் வாளி சங்கத்து மண்டபத்துக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார். பலகையைத் துடைக்கத் துடைக்கத்தான் எழுத்துக் கூட்டப் படித்தார். நூற்றுப் பன்னிரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். பதினோரு வருடம் கூட்டிப் பெருக்கியும் அவர் முகம் அங்கே ஒருவருக்கும் தெரியாது. உறுப்பினர் யாராவது வந்தால் அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார், பிறகு எப்படித் தெரியும்.

தெரிந்த ஒரே ஆள் செயலாளர். அவர் கடற்படையில் சாமான் கிடங்கில் எழுத்தராக இருந்தவர். கடலைப் பார்த்ததெல்லாம் கிடங்கு ஜன்னல் வழியாகத்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் எதிரே இருப்பவருக்கு வாந்தி வரும் அளவுக்கு அலையடிக்கும்.

முதல் கொடி ஏறிய அறுபதாம் ஆண்டு வந்தது. பலகையில் இருந்தவர்களில் உயிரோடு மிஞ்சியவர் பீரங்கி ஒருவர்தான், வயது எண்பத்துநாலு, எங்கோ தூரத்து ஊரில் முதியோர் இல்லத்தில் இருந்தார். தலைமைத் தளபதியே விழாவுக்கு வருவதாக ஒப்புக்கொண்டார். 'முதல் கொடியை ஏற்றிய கரத்தைக் காண வாரீர்' என்று அழைப்பிதழ் அச்சடித்து அனுப்பியும் ஆயிற்று. அதற்கு அடுத்த நாள் முதியோர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. பீரங்கி இறந்து இரண்டு வாரம் ஆகிறதாம். உறவென்று யாரும் வரவில்லையாம், அவர்களே அடக்கம் செய்துவிட்டார்களாம்.

செயலாளர் கப்பல் கவிழ்ந்தாற்போலக் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே வாளி பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாளி, இங்க வா. உனக்கு என்ன வயசு ஆச்சு?"

"எழுபத்தெட்டு சார்."

"பார்த்தா எண்பத்துநாலு சொல்லலாம்" என்றார் செயலாளர். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாகக் களை வந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து விஷயத்தைச் சொன்னார். ஒரு நாள், ஒரே ஒரு மணி நேரம். சீருடை போட்டுக்கொண்டு பலகைக்கு முன்னால் நிற்க வேண்டும். தளபதி வருவார், ஒரு சல்யூட். அவ்வளவுதான். பேச்சைச் செயலாளரே பார்த்துக்கொள்வார், பெரியவருக்குக் காது கேட்காது என்று சொல்லிவிடலாம்.

வாளி துணியைப் பிழிந்துகொண்டே நின்றார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, தனக்கு மேலே இருக்கும் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டார்.

"செய்யறேன் சார். பலகைல என் பேரைப் போடணும். நானும் அன்னைக்குக் கப்பல்லதான் இருந்தேன்."

"அட, இவ்வளவுதானா. அடியில இடம்தான் இருக்கே, போட்டுட்டாப் போச்சு."

"பூனைக்குக் கீழயா சார்?"

"எங்க இருந்தா என்ன வாளி, பேர் இருக்கணும், அதானே. விழா முடியட்டும், நானே பெயிண்டரக் கூட்டிட்டு வரேன்."

மகளிடம் சொன்னபோது அவள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

"அந்த ஆளா? உன்ன அரை மணி நேரம் சுவத்தப் பாத்து நிக்க வச்சுச் சிரிச்சானே, அந்த ஆளாவா நிக்கப் போற? உனக்குச் சூடு சொரணை இருக்காப்பா?"

"பேர் வரும்மா."

"அவன் பேருல நின்னா உன் பேரு எப்படி வரும்?"

"சார் வாக்குக் குடுத்திருக்காரு."

அவள் தட்டை எடுத்துக் கழுவப் போட்டாள். ஆனால் சீருடையை அவள்தான் சலவைக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். அகலமான கால்சட்டையில் குறுக்காக ஏழு மடிப்பு வைக்க வேண்டும், ஏழு கடலுக்கு ஏழு மடிப்பு என்பது மாலுமிகள் வழக்கம். அப்பா சொல்லச் சொல்ல, ஆஸ்பத்திரிப் போர்வைகளை ஒதுக்கிவிட்டு, ஒரு நூல் பிசகாமல் வைத்தாள். அவர் தொப்பியைப் போட்டுப் பார்த்தபோது அவள் அதன் விளிம்பை நேராக்கினாள். கோபத்தை அப்படியே வைத்துக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

மூன்று வாரம் சல்யூட் பழக்கினார் செயலாளர். கடற்படை சல்யூட்டில் உள்ளங்கை வெளியே தெரியக் கூடாது, கீழ்நோக்கி இருக்க வேண்டும்.

"ஏன் தெரியுமா? அந்தக் காலத்து மாலுமி கையெல்லாம் தார். அந்த அழுக்கு அதிகாரி கண்ணுல படக் கூடாதுன்னு மறைச்சான். அதுவே மரபாயிடுச்சு."

"அப்படின்னா எனக்குத்தான் சார் முதல்ல கத்துக் குடுத்திருக்கணும்" என்றார் வாளி. செயலாளர் சிரிக்கவில்லை. வாளி வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று, காலை நூறு, மாலை நூறு என்று அடித்துப் பழகினார். மூன்றாவது வாரம் கை தானாகப் போய் நெற்றியில் நின்றது. ஸ்டுடியோவில் தொப்பியோடு ஒரு படமும் எடுத்தார்கள், மலரில் போட.

விழா நாள். மண்டபம் நிரம்பி வழிந்தது. பலகைக்கு முன்னால், முகம் கூட்டத்தைப் பார்க்க, வாளி நின்றார். ஏழு மடிப்பும் கத்தியாக இருந்தன. கடைசி வரிசையில் மகள். தளபதி உள்ளே நுழைந்ததும் கூட்டம் எழுந்து அமைதியானது. வாசலிலிருந்து பலகைவரை இருபது காலடி தூரம் சிமெண்டுத் தரை. அதில் பூட்ஸ் ஓசை மட்டும் கேட்டது.

ஐந்தாவது அடியில் வாளியின் கை சல்யூட்டுக்குத் தயாராகத்தான் இருந்தது. அந்தக் கை நெற்றிக்குப் போவதை அவர் மனம் பார்த்தேவிட்டது. ஒன்பதாவது அடியில் உடம்பு திரும்பிவிட்டது. நாட்டின் தலைமைத் தளபதிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கையில் இல்லாத வாளியைச் சுவர்ப் பக்கம் மறைத்துக்கொண்டு, பலகையைப் பார்த்தபடி அவர் நின்றார். மூக்குக்கு நேரே கரிமூட்டை.

செயலாளரின் முகத்தில் ஈயாடவில்லை. தளபதி நின்றார். ஓசை நின்றதே தவிர ஓயவில்லை, அதனால் வாளி திரும்பவில்லை. திரும்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும், மகள் பார்க்கிறாள் என்று தெரியும், கால்தான் கேட்கவில்லை.

தளபதியின் கண்கள் கலங்கின. அவர் மெதுவாகக் கையை உயர்த்தி, பலகைக்கு ஒரு சல்யூட் வைத்தார். "எனக்கு முன்னாடி தன்னோட தோழர்களுக்கு மரியாதை செய்யறாரு. இதுதான் கடற்படை" என்றார், கூட்டத்தைப் பார்த்து. மண்டபமே பலகையை நோக்கித் திரும்பி விறைத்து நின்றது. சிலர் விசும்பினார்கள். தளபதி மேடையேறி அவர் காலடி ஓசை அடங்கிய பிறகுதான் வாளி திரும்பினார். அப்போது அவருக்கு எதிரே யாரும் இல்லை. பழகிய சல்யூட்டை வைக்க ஆளில்லாமல் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

மறுநாள் பத்திரிகைகளில் அவருடைய முதுகு வந்தது. செயலாளருக்குத் தலைகால் புரியவில்லை. வாளி திருப்பிக் கொண்டுவந்த தொப்பியை அவரே வாங்கிப் பெட்டியில் வைத்தார்.

"கெடுத்துட்டியேன்னு நினைச்சேன். தூக்கி நிறுத்திட்ட போ."

"சார், பேரு."

"வாளி, கொஞ்சம் யோசி. இப்ப உன் பேரைப் போட்டா, யாரு இந்த ஆள்னு கேப்பாங்க. போட்டோவ எடுத்து வச்சுப் பாப்பாங்க. கடற்படையே தலைகுனியணும், அதான் வேணுமா உனக்கு? கொஞ்சம் ஆறட்டும். அதுவரைக்கும் நீ இந்தப் பக்கம் வேலைக்கும் வராத, யாராவது அடையாளம் கண்டுக்கப் போறாங்க."

வாளி தலையாட்டிவிட்டு வந்தார். வேறு என்ன செய்யத் தெரியும் அவருக்கு. மகள்தான் ஒவ்வொரு மாதமும், "பெயிண்டர் வந்தானா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் ஒவ்வொரு மாதமும், "வருவான்மா" என்றார்.

அடுத்த ஆண்டு விழாவுக்குப் பொதுமக்களும் வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். "போய்ப் பாத்துட்டு வந்துடலாம். ஒரு வருஷம் ஆறினது போதும்" என்றாள் மகள். சாதாரணச் சட்டையில், வழுக்கைத் தலையோடு, அப்பாவை அழைத்துக்கொண்டு போனாள். கூட்டத்தில் புகுந்து இருவரும் பலகைவரை போய்விட்டார்கள்.

பூனைக்குக் கீழே நான்கு விரல் இடம் இப்போது காலியாக இல்லை. அளவெடுத்து வெட்டிய ஒரு பித்தளைத் தகடு அங்கே பதித்திருந்தது. வாளி எழுத்துக் கூட்டுவதற்குள் மகள் படித்துவிட்டாள். 'முதல் கொடியை ஏற்றிய வீரர், தளபதிக்கும் முன்பாகத் தம் தோழர்களுக்கு வணக்கம் செலுத்தத் திரும்பிய இடம் இது. அவர் நினைவாக ஒவ்வோர் ஆண்டும் அனைவரும் இச்சுவரை நோக்கித் திரும்பி நிற்பது நம் மரபாகும்.'

பக்கத்தில் தொப்பியோடு அவருடைய ஸ்டுடியோ படம் மாட்டியிருந்தது. கறுப்பு ரிப்பன் கட்டியிருந்தார்கள். கீழே பீரங்கியின் பெயரும், நான்கு மாதத்துக்கு முந்தைய ஒரு தேதியும்.

"அப்பா, நீ செத்துட்ட" என்றாள் மகள்.

வாளி படத்தைப் பார்த்தார், தகட்டைப் பார்த்தார். பழக்கத்தில் விரலை வைத்து அளந்தார். சரியாக நான்கு விரல். எனக்கு இந்த இடத்தில் செயலாளரின் கழுத்தைப் பிடிக்க வேண்டும்போல இருக்கிறது. வாளி யார் கழுத்தையும் பிடிக்கவில்லை. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு பின் வரிசைக்குப் போனார்.

"சுவர் நோக்கித் திரும்பு" என்று மேடையிலிருந்து குரல் வந்தது. நானூறு பேர் ஒரே சமயத்தில் மேற்கே திரும்பினார்கள். வாளியின் குதிகாலும் தரையிலிருந்து எழும்பியது. அவர் அதைப் பல்லைக் கடித்துக்கொண்டு கீழே அழுத்தினார். திரும்பவில்லை. அத்தனை முதுகுகளுக்கும் நடுவில் அவர் ஒருவர் மட்டும் மேடையைப் பார்த்தபடி நின்றார். அறுபத்தோரு வருடத்தில் முதல் தடவை.

காவலுக்கு நின்ற இளம் மாலுமி ஒருவன் பூனைநடை போட்டு வந்தான்.

"பெரியவரே, திரும்பி நில்லுங்க."

"மாட்டேன்பா."

"எல்லாரும் நிக்கறாங்கல்ல."

"நான் நின்னாச்சுப்பா. நிறைய நின்னாச்சு."

அவன் முழங்கையைப் பிடித்தான். முரட்டுத்தனமாக இல்லை, ஆனால் விடவும் இல்லை. அப்படியே வாசலுக்குக் கொண்டுபோனான். மகள் பின்னாலேயே ஓடினாள்.

"யார வெளிய தள்ற? அந்தப் படத்துல இருக்கறது இவருதான். எங்கப்பா."

மாலுமி வாளியின் வழுக்கையைப் பார்த்தான், உள்ளே படத்தைப் பார்த்தான். பிறகு அவளைப் பரிதாபமாகப் பார்த்தான்.

"அவருக்குப் பிள்ளைங்களே கிடையாதும்மா. மலர்ல போட்டிருக்கு." வாளியிடம் திரும்பி, "தப்பா எடுத்துக்காதீங்க பெரியவரே. கப்பல்ல இருந்தவங்களுக்குத்தான் இதோட அருமை தெரியும்" என்றான்.

"ஆமாம்பா" என்றார் வாளி.

இருவரும் சங்கத்தின் மதில் ஓரமாக நடந்தார்கள். மகள் பத்திரிகைக்கு எழுதப் போவதாகச் சொன்னாள், தளபதி அலுவலகத்துக்கே போகப் போவதாகச் சொன்னாள். அந்தச் செயலாளரின் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். அப்பா திரும்பாமல் நின்றதை நினைத்து அவளுக்குள் ஒரு சந்தோஷமும் ஓடிக்கொண்டிருந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தபோதுதான், தான் தனியாகப் பேசிக்கொண்டு வருவது தெரிந்தது.

வாசல் பக்கமிருந்து பூட்ஸ் ஓசை. விழா முடிந்து யாரோ ஓர் அதிகாரி கார் நிற்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தார். நான்கு அடி பின்னால் வாளி மதில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். இடது கை சுவரோரமாக மடங்கியிருந்தது. அதிகாரி அவரைக் கவனிக்கவே இல்லை.

கார்க் கதவு சாத்தும்வரை மகள் காத்திருந்தாள். பிறகு பக்கத்தில் போய் மெதுவாகச் சொன்னாள்.

"அப்பா, போயிட்டாங்க. வா."

"வரேம்மா" என்றார் அவர், திரும்பாமலே. "சுவர்ல காரை பேர்ந்திருக்கு. அதான் பாத்தேன்."